ஏழை என்று நிரூபித்தால்தான் உண்டா?

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வடசென்னையில் இன்னொரு பெயர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியுடன் நடந்த போரில் மெட்ராஸைச் சுற்றியிருந்த ஊர்கள் பாழாயின. பஞ்சம் பிழைக்க ஜனங்கள் பட்டணத்துக்குள் வந்தார்கள். 1782ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். சத்திரத்தை ஒட்டி வளர்ந்த வைத்தியசாலை பிற்பாடு ஸ்டான்லி ஆனது.

கஞ்சி ஊற்ற உட்கார்ந்தவுடனே ஒரு கேள்வி வந்துவிடும். வருகிற எல்லோருக்கும் ஊற்றுவதா, இல்லாதவர் யார் என்று விசாரித்து அவருக்கு மட்டும் ஊற்றுவதா? இலவச அரிசி, மகளிர் உரிமைத் தொகை, பேருந்துப் பயணம் என்று இன்று நாம் சண்டை போடுகிற அத்தனை திட்டங்களிலும் இதே கேள்விதான் இருக்கிறது. நலத்திட்டம் என்ற பேச்சே புதிதாக இருப்பவர்கள் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி தானே விளங்கும்.

முதல் வழியில் அரசு யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கொருக்குப்பேட்டையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதியம் தட்டோடு உட்கார்ந்த பிள்ளையிடம் “உங்கப்பா எவ்ளோ சம்பாதிக்கிறாரு?” என்று எந்த ஆயாவும் கேட்பதில்லை. பள்ளிப் பிள்ளை, பசிக்கிறது, அவ்வளவுதான். இதை அனைவருக்குமான திட்டம் என்பார்கள். இரண்டாவது வழியில் அரசு ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு உண்டு, மேலே இருப்பவருக்கு இல்லை. முதியோர் உதவித்தொகை இந்த வகை. வயது மட்டும் போதாது, ஆதரவில்லாதவர் என்றும் காட்ட வேண்டும். தகுதி பார்க்கும் திட்டம், இலக்கு வைத்த திட்டம் என்றெல்லாம் இதற்குப் பெயர்.

கேட்ட மாத்திரத்தில் இரண்டாவதுதான் நியாயம் என்று தோன்றும். “கார் வச்சிருக்கறவனுக்கு எதுக்குங்க ஓசி அரிசி?” என்று டீக்கடையில் கேட்கிறவரோடு வாதாடுவது கஷ்டம். கஜானாவில் இருப்பது கொஞ்சம், அதை இல்லாதவருக்கே கொடுங்கள் என்பது நேர்மையான வாதம்தான். அந்த ‘இல்லாதவர்’ யார் என்று கண்டுபிடிக்கிற வேலையில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். வலைக்கண் பெரிதாக இருந்தால் நமக்கு வேண்டிய மீனும் நழுவிப் போகும். கண் சின்னதாக இருந்தால் வேண்டாததெல்லாம் சேர்ந்து வரும். நலத்திட்டத்திலும் நிபந்தனைகளை இறுக்கினால் உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர் சிலர் விடுபட்டுப் போவார்கள். இது விடுபடும் பிழை. தளர்த்தினால் தேவையில்லாதவர் சிலரும் வாங்கிப் போவார்கள். இது சேர்ந்துவிடும் பிழை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒழித்த அரசாங்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்று முடிவு செய்வதைத்தான் கொள்கை என்கிறோம்.

என் கட்சி எது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வசதியானவர் ஒருவருக்குத் தப்பாகப் போன 20 கிலோ அரிசியில் அரசுக்குச் சில நூறு ரூபாய் நட்டம். தனியாக இருக்கும் ஒரு கிழவிக்குத் தப்பாக மறுக்கப்பட்ட அரிசியில் அந்த வீட்டில் உலை வைக்க முடியாது. முதல் தவறையும் இரண்டாவது தவறையும் ஒன்றுக்கொன்று சமமாக எண்ணுகிற புள்ளிவிவரங்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

பத்து மைல் நடந்து வா

இந்தச் சந்தேகம் பிடித்த வாசல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, தாது வருஷப் பஞ்சத்துக்குப் போக வேண்டும். 1876லிருந்து 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. மெட்ராஸ் மாகாணம் அதில் மிக மோசமாக அடிபட்டது. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. உள்நாட்டில் அதை வாங்கக் காசில்லாதவர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

1877 ஜனவரியில் லிட்டன் அனுப்பிவைத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் கதை விசித்திரமானது. 1873-74ல் பீகார் பக்கம் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்து, தாராளமாகக் கொடுத்து, சாவைத் தடுத்தவர். அதற்காகப் பாராட்டுக் கிடைக்கவில்லை. இவ்வளவு செலவு எதற்கு என்று திட்டுத்தான் கிடைத்தது. மெட்ராஸுக்கு வந்தபோது அவர் பாடம் கற்றுக்கொண்ட மனிதர். நிவாரண வேலைக்கு வருகிற ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒன்றரை ராத்தலாக இருந்த தானியத்தை ஒரு ராத்தலாக, அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவாக, குறைத்தார், கூடவே ஓர் அணா. நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு இந்தக் கூலி. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இதில் உடம்பு தாங்காது என்று கணக்குப் போட்டு எதிர்த்தார். நிவாரண முகாம்களில் சாவு ஏறிய பிறகுதான் கூலி உயர்ந்தது.

கூலியைக் குறைத்தது ஒரு பக்கம். வாசலில் வைத்த சோதனை இன்னொரு பக்கம். உதவி வேண்டுமா, உடலால் உழைத்துக் காட்டு. வீட்டுப் பக்கத்தில் வேலை கிடையாது, பத்து மைலுக்கு அப்பால் நடந்து வா. உண்மையில் பசிப்பவன்தான் அவ்வளவு தூரம் வருவான், சோம்பேறி வர மாட்டான் என்பது இதன் தர்க்கம். இதற்கு மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1834ல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு விதி வகுத்தார்கள். அரசு உதவியில் வாழ்கிறவனின் நிலை, வெளியில் மிகக் குறைந்த கூலி வாங்குகிறவனின் நிலையைவிடக் கீழாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் உதவி கேட்டு வந்து நிற்பார்கள். பத்து மைல் சோதனையின் கோளாறு சொல்லாமலே தெரியும். மிகவும் பசித்தவனால்தான் அந்தப் பத்து மைலை நடக்க முடியாது.

பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக எண்ணூர் நோக்கிப் போகிற பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள், இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்திருப்பீர்கள். வடக்குத் துண்டு 1806லேயே வெட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயர் பிறகு கால்வாய் முழுவதற்கும் வந்து சேர்ந்தது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பஞ்சத்துக்குப் பிறகு கமிஷன் உட்கார்ந்து, 1880ல் அறிக்கை கொடுத்து, அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. ஜனங்கள் பட்டினியில் சாகாமல் பார்ப்பது அரசின் கடமை என்பதை ஒரு நிர்வாக விதியாக எழுதி வைத்தது அதுதான். வேலை கொடு, வேலை செய்ய முடியாதவருக்குச் சும்மா கொடு என்ற அதன் சட்டகம் சுதந்திரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. 2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் அதன் சாயல் இருந்தது. ஒரு பெரிய வித்தியாசம், அங்கே சோதனையாக இருந்தது இங்கே உரிமையாக எழுதப்பட்டது. கிராமங்களுக்கான சட்டம் என்பதால் வியாசர்பாடிக்காரருக்கு அதில் இடமிருக்கவில்லை.

வரி வாங்கக் கட்டிய அலுவலகம்

விதிகளைவிட ஆழமாக இறங்கிப்போனது அலுவலகம். கலெக்டர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் என்ற அடுக்கு முழுவதும் நிலவரி வசூலிக்கக் கட்டப்பட்டது. மெட்ராஸ் மாகாணத்தின் ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனோடும் அரசு நேரே கணக்கு வைத்துக்கொண்டது. வரி வாங்குகிறவர் பார்வையில் எதிரே நிற்கிறவன் எதையோ மறைக்கிறான். பதிவேடு, சாட்சி, முத்திரை எல்லாம் அந்தச் சந்தேகத்துக்காக ஏற்பட்டவை.

சுதந்திரம் வந்தது. அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, வேலையில்லாமை, முதுமை, நோய் வந்த காலத்தில் அரசு உதவ வேண்டும் என்றது. 47ஆம் பிரிவு, மக்களின் ஊட்டச்சத்தை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்றது. இவற்றை வைத்து நீதிமன்றத்தில் நேரடியாக வழக்காட முடியாது என்று 37ஆம் பிரிவு சொல்லிவிட்டது என்பது வேறு கதை. கடமை புதிது, செய்கிற அலுவலகம் பழையது. வாங்குவதற்குப் பழகிய மேசையிடமே கொடுக்கிற வேலையும் வந்து சேர்ந்தது. ராஜாஜி சாலையில் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிற கட்டடத்துக்குச் சிங்காரவேலர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1923ல் இந்த ஊர்க் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர். பெயர் மாறினாலும் மேசை மாறியதா என்பது மனுவோடு போனவருக்குத்தான் தெரியும்.

வருமானச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவருக்கு? பெயிண்டருக்கு? நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு? ஐப்பசி கார்த்திகையில் பெயிண்டருக்கு வேலையே கிடையாது. தைக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வேலை இருக்கும். அவர் ஆண்டு வருமானம் என்ன என்று அவருக்கே தெரியாது. இருந்தும் ஒரு எண் எழுதியாக வேண்டும். இ-சேவை மையத்தில் கட்டணம், ஒரு நாள் கூலி நட்டம், விசாரணைக்கு வருகிறவர் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்துபோனால் இன்னொரு நாள் கூலி. ஏழை என்று நிரூபிக்கிற செலவு ஏழைக்குத்தான் அதிகம்.

தட்டோடு வந்தவருக்கெல்லாம்

1920ல் மெட்ராஸ் மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராய செட்டி, பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்குப் பெயராக இருக்கிறாரே அவர்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. பள்ளிகள் சில கூடின. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்ததால் 1925ல் அது நின்றுபோனது, இரண்டு வருடம் கழித்து மறுபடி முளைத்தது. படிப்புக்குப் பணம் உண்டு, படிக்கிற வயிற்றுக்குக் கிடையாது என்பது அந்த அரசின் கணக்கு.

1956ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலத் திட்டமானது. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2001 நவம்பரில் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உத்தரவிட்டது. 2022ல் இங்கே காலை உணவும் தொடங்கியது. இந்த நூறு வருடத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் வருமானச் சான்று கேட்காததை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். பிள்ளைகளுக்குள் ‘ஓசிச் சோறு தின்கிறவன்’ என்று பிரிந்து உட்காராமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

ரேஷன் கடையில் நடந்தது

இரண்டாம் உலகப்போர் காலத்தில் 1943ல் மெட்ராஸ் நகரத்தில் ரேஷன் வந்தது. 1952ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 1967ல் ரூபாய்க்கு மூன்று படி என்று தி.மு.க. வாக்குக் கேட்டு, வென்ற பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டது. 1972ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. இதெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டேன். நமக்கு முக்கியம் 1997.

அந்த ஆண்டு மத்திய அரசு பொது விநியோகத்தை இலக்கு வைத்த திட்டமாக மாற்றியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே ஒரு விலை, மேலே ஒரு விலை. 2000ல் மேலே இருப்பவருக்கான விலையை அரசுக்கு ஆகிற அடக்கவிலைக்கே ஏற்றினார்கள். பல மாநிலங்களில் மேல்கோட்டுக்காரர்கள் கடைக்கு வருவதையே விட்டார்கள். வியாபாரம் குறைந்து கடைக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. கடை திறக்கிற நாள் குறைந்தது, வீடுகளுக்குப் போகாமல் வழியிலேயே பொருள் கசிவது கூடியது. கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் வரிசையை விட்டுப் போன பிறகு, அரிசியில் கல் இருந்தால் யார் சத்தம் போடுவது? 2011-12 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து பொருளாதார அறிஞர்கள் ஜான் ட்ரீஸும் ரீதிகா கேராவும் போட்ட கணக்கில், நாடு முழுவதும் ரேஷன் தானியத்தில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டில் அது அதைவிட மிகக் குறைவு.

தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்திருந்தது. அரிசி கார்டு வைத்திருக்கும் எவரும் அரிசி வாங்கலாம். ஒரு முறை சறுக்கியதும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் அ.தி.மு.க. அரசு, மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் கார்டில் ‘ஹெச்’ என்று குத்தி, அரிசியை நிறுத்தியது. 2004 மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சி இங்கே ஓரிடமும் பெறவில்லை. ‘ஹெச்’ முத்திரை உடனே போய்விட்டது. எல்லோருக்குமான திட்டத்துக்கு எல்லோருடைய ஓட்டும் காவல் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் வருகிறது.

2013ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேரை உள்ளே கொண்டுவருகிறது. கணக்கு 2011 மக்கள்தொகையை வைத்து. அதன் பிறகு பிறந்தவர்களும் குடிவந்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. தமிழ்நாடு 2016 நவம்பரில் சேர்ந்தபோது முன்னுரிமைக் குடும்பம், முன்னுரிமையற்ற குடும்பம் என்று கார்டில் எழுத்துகள் வந்தன. பயப்பட வேண்டாம், முன்னுரிமையற்ற அரிசி கார்டுக்கும் மாநிலம் தன் காசில் 20 கிலோ வரை கொடுத்துவருகிறது.

கதவு அகலமாக இருந்தாலும் தாழ்ப்பாள் வேறு இடத்தில் முளைக்கலாம். கைரேகை இயந்திரம் வந்த பிறகு மீனவர் குடியிருப்புகளில் இந்தப் பேச்சு சகஜம்:

“அக்கா, ரேகை விழல. வேற வெரல வைங்க.”

“பத்து வெரலும் வச்சாச்சு தம்பி. மீன் ஆயுற கைய்யி, தேஞ்சி பூடுச்சி. இன்னா பண்ண சொல்ற?”

“அப்போ உங்க பையன அனுப்புங்க.”

“அவன் போட்ல கீறான். அடுத்த வாரந்தான் வருவான்.”

ரேகை விழாததற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று அரசே அறிவுறுத்தியிருக்கிறது. அதை அந்த அக்காவுக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017ல் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, ஆதாரோடு இணைக்காததால் கார்டு ரத்தாகி மாதக்கணக்கில் ரேஷன் கிடைக்கவில்லை, பட்டினியால் போனாள் என்றது குடும்பம். அரசு தரப்பு அதை மறுத்தது. காகிதத்தில் உரிமை இருந்தும் வாசலில் தடுக்கப்படுவது எந்த அளவுக்குப் போகும் என்பதை நாடே பேசிய சம்பவம் அது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கொருக்குப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ரயில் தடத்தில் ஆந்திரப் பக்கம் போகிற ரேஷன் அரிசி பிடிபட்டது என்ற செய்தி நமக்குப் பழக்கமானது. வேண்டாதவரும் வாங்கி விற்கிறார், அந்தப் பணம் நம் பணம். ஆனால் சமைக்கப் பிடிக்காமல் விற்கிறவர்களில் வசதியானவர்கள் மட்டும் இல்லை. அரிசியின் தரம் சரியில்லாமல் விற்றுவிட்டு, மேலே காசு போட்டுக் கடையில் நல்ல அரிசி வாங்குகிற கூலிக்குடும்பங்களும் உண்டு. அதற்கு மருந்து தரத்தில் இருக்கிறது, கார்டைப் பிடுங்குவதில் இல்லை.

கேட்காமலே பிரிப்பது

இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்டிக்காரத்தனமான மூன்றாவது வழி உண்டு. யாரையும் தடுக்காமல், யாருக்குத் தேவையோ அவர்களே வந்து சேர்கிற மாதிரி திட்டத்தை வடிவமைப்பது. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் அப்படி. சாதாரணக் கட்டணப் பேருந்தில் எந்தப் பெண் ஏறினாலும் டிக்கெட்டுக்குக் காசில்லை. கார்டு, ஆதார், சான்று ஒன்றும் வேண்டாம், ஏறினால் போதும். வசதியான பெண்ணும் ஏறலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அவர் பெரும்பாலும் காரிலோ குளிர்சாதனப் பேருந்திலோ போய்விடுவார். திருவொற்றியூரிலிருந்து விடிகாலையில் வேலைக்குப் போகிற தூய்மைப் பணியாளருக்கும், மின்ட்டிலிருந்து வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் அன்றாடம் இருபது முப்பது ரூபாய் கையில் நிற்கிறது.

2013ல் வந்த அம்மா உணவகமும் இதே சூத்திரம்தான். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வேண்டியவர் வந்தார், மற்றவர் வரவில்லை. ஆனால் இந்த வழியில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. வசதியானவர் வராமலிருக்க வேண்டும் என்பதற்காகவே தரத்தைத் தாழ்த்தி வைக்கிற புத்தி வந்துவிட்டால், 1834ஆம் வருடத்து விதிக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். பேருந்து ஓட்டை உடைசலாக இருக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

வருமானத்தைப் பார்க்காமல் தொழிலையோ நிலையையோ பார்த்துக் கொடுப்பதும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். பதிவு இருந்தால் போதும், ஏழையா என்று தனியாக விசாரணை இல்லை. வசதியான முறைதான், பட்டியலில் இருப்பவருக்கு. படகுக்கு ஐஸ் ஏற்றுகிறவர், ஏலக் கூடத்தில் கூடை சுமக்கிறவர், வாசலில் டீ விற்கிறவர், இவர்கள் பிழைப்பும் அந்த 61 நாள் படுத்துவிடுகிறது. மீனவர் என்று பதிவில்லாதவர் என்றால் அந்தப் பணம் அவருக்கு வராது.

ரொக்கம் என்றால் மட்டும்

அரிசிக்கும் பேருந்துக்கும் எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டு, ரொக்கத்துக்கு வரும்போது என் குரல் கொஞ்சம் இறங்குகிறது. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடி. தொடக்கத்தில் தேர்வானவர்கள் 1.06 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.06 கோடிப் பேருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 12,700 கோடி ரூபாய். விண்ணப்பித்த எல்லோருக்கும் என்றால் 19,500 கோடியைத் தாண்டும். அந்த வித்தியாசத்தில் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையம், எத்தனை பேருந்து என்று நிதித்துறை கேட்டால் அது வெறும் கஞ்சத்தனம் இல்லை. தவிர, ரேஷன் அரிசியை வேண்டாமென்று ஒதுங்குகிறவர் உண்டு, ஆயிரம் ரூபாயை வேண்டாமென்று ஒதுங்குகிறவர் கிடையாது. தானாகப் பிரியாத இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எப்படிப்பட்ட கோடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது, அரசு ஊழியர் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் வந்தன. இவற்றில் இரண்டு வகை இருப்பதைக் கவனியுங்கள். அரசு ஊழியரா, கார் இருக்கிறதா என்பவை அரசிடமே பதிவில் இருக்கிற செய்திகள். விண்ணப்பித்தவர் அலைய வேண்டாம். விலக்க வேண்டியவரை விலக்குகிற வேலையை அரசே செய்துகொள்ளலாம். இரண்டரை லட்சம் என்பது வேறு. மாதம் இருபதாயிரத்துச் சொச்சம். நான் மேலே சொன்ன பெயிண்டரும் பாத்திரம் தேய்க்கிற மனைவியும் நல்ல மாதங்களில் அதைத் தாண்டுவார்கள், மழை மாதங்களில் பாதிக்கு வர மாட்டார்கள். ஒரு ரூபாய் கூடினாலும் பன்னிரண்டாயிரமும் போச்சு என்கிற கோட்டில், உண்மை சொல்கிறவருக்குத்தான் நட்டம்.

அவசரக் காலத்தில் அரசே இந்த நுணுக்கத்தை ஓரம் வைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னை மூழ்கிக் கிடந்தபோது 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாகவே வந்தது. வீடு வீடாகப் போய் யாருக்கு எவ்வளவு சேதம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் பொங்கல் போய்ச் சித்திரையும் வந்திருக்கும். அனைவருக்குமான ஒரு பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்ததால் அது சாத்தியமானது. வருமான வரி கட்டுகிறவர்களைத் தனியாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள். நிரூபிக்கிற பாரம் அந்த ஒரு முறை இருப்பவர் பக்கம் போனது.

கோடு போட்ட திட்டத்தில் விடுபட்டவர் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள். எந்தத் திட்டமானாலும் மறுத்த காரணம் தெளிவாகச் சொல்லப்படாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. அதற்கு, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான சான்றை மனுவோடு இணைக்க வேண்டும்.